மடங்கிய விரல்

"பெத்த அப்பனையே பழிச்சுக் காட்டுது பாரு," என்று சுந்தராம்பாள் மகளின் கையில் ஒன்று வைத்தாள்.

மஞ்சுளாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. வடக்குப்பட்டில் அந்த வீட்டுப் பேச்செல்லாம் கையால்தான். பள்ளிக்கூடத்தில் அவள் கற்றுக்கொண்டு வந்தது பாதி, அப்பாவும் மகளும் தாங்களாகவே செய்துகொண்டது மீதி.

அப்பா தணிகாசலத்துக்கு வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் சில வருஷமாக உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தன. தோலுக்கு அடியில் கயிறு மாதிரி ஒன்று தடித்து, விரல்களை உள்ளே இழுத்துக் கட்டியிருந்தது. வலி கிடையாது. ஒரகடம் கம்பெனியில் ஸ்பேனர் பிடிக்கவும் அது தடையில்லை.

பேச்சுதான் கொச்சையாகிவிட்டது. ஐந்து விரலையும் விரித்து நெஞ்சில் வைத்தால் 'பயப்படாதே' என்று அர்த்தம். மூன்று விரல் என்றால் மூன்றாவது ஷிஃப்ட். பாவம், மனுஷன் மகளுக்கு ஆறுதல் சொல்லப் போனால் நைட் டூட்டிக்குக் கிளம்புகிற மாதிரி இருந்தது. வெட்கப்பட்டு அவரே பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

இப்போது கொஞ்ச நாளாக, மஞ்சுளா பேசும்போதும் அதே இரண்டு விரல் மடங்கின.

"வெங்காயம் அரியறப்போ நல்லாத்தான் கீது. உன்னாண்ட பேசும்போதுதான் மடங்குது. இதுக்குப் பேரு இன்னாய்யா? நக்கல்தானே?"

"சும்மா இரு. எனக்கும் ஆரம்பத்துல வேலை செய்யறப்போ விரல் நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் தணிகாசலம்.

இந்தக் கோளாறு பரம்பரையாகவும் வரலாம் என்று கம்பெனி டாக்டர் ஒரு தடவை சொல்லியிருந்தார். அதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. "எங்க, கையைக் காட்டு" என்று கேட்டால் மஞ்சுளா வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அவருக்கு மடங்கினால் அது விரல். அவளுக்கு மடங்கினால் அது நாக்கு.

கனவில் மட்டும் எல்லாம் சரியாக இருந்தது. ஏரிக்கரையில் அவரும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். அவர் கை முழுசாக விரியும். மழை பற்றி, மாடு பற்றி, ஒன்றுமில்லாதது பற்றியெல்லாம் சத்தமே இல்லாமல் பேசித் தீர்ப்பார்கள். அந்தக் கனவிலும் சமீபத்தில் மஞ்சுளாவின் கைகள் மூடிக்கொண்டன. அவள் ஏதோ சொல்ல வந்தாள், அவருக்குப் புரியவில்லை.

வைத்தியம் தேடிக் கிளம்பினார். போன இடமெல்லாம் உள்ளங்கையைக் கீறித்தான் எடுக்க வேண்டும், வாரக்கணக்கில் கட்டுப் போட வேண்டும் என்றார்கள். அத்தனை நாள் மகளோடு பேசாமல் இருப்பதா? கத்தி இல்லாமல் முடியுமா என்று கேட்டதற்கு ஒவ்வொரு டாக்டராகக் கையை விரித்தார்கள். தணிகாசலத்தின் கை மட்டும் விரியவில்லை.

கம்பெனி லைனில் எல்லோரும் அவரைக் கத்திக்குப் பயந்தவர் என்று கேலி செய்தார்கள். சூப்பர்வைசர் சிவசங்கர் மட்டும் விசாரித்து வந்து, சென்னையில் ஒரு டாக்டர் வெறும் ஊசியாலேயே அந்தக் கயிற்றை அறுக்கிறாராம் என்றார்.

துணைக்கு என்று சொல்லி மஞ்சுளாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். முதலில் தன் கையில் குத்திப் பார்க்கட்டும், நல்லபடியாக முடிந்தால் அவளுக்கும் செய்துவிடலாம் என்பது அவர் கணக்கு. தண்டலம் தாண்டியதும் பஸ்ஸில் தூக்கம் சொக்கியது. அதிலும் அதே ஏரிக்கரைதான் வந்தது.

மரத்துப்போக மருந்து போட்டார் டாக்டர். ஊசி முனையால் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குத்தி, விரலைப் பிடித்து மெல்ல இழுத்தார். உள்ளே ஏதோ பட்டென்று விட்டது. விரல்கள் நிமிர்ந்தன. நாளாவட்டத்தில் திரும்பவும் மடங்கலாம், வந்தால் மறுபடியும் குத்திக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னது அவர் காதில் பாதிதான் ஏறியது. சின்னப் பிளாஸ்திரி ஒட்டிய தன் கையை, கனவிலிருந்து யாரோ எடுத்துக் கொடுத்த மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், என் பொண்ணுக்கும் ஆரம்பிச்சிருச்சு. அதுக்குப் பேச்சே கைதான். எப்டியாவது பாருங்க," என்றார்.

இந்த வயதிலா என்று டாக்டர் புருவத்தைத் தூக்கினார். மேஜை மேல் தன் கையைக் கவிழ்த்துக் காட்டி, அதேபோல வைக்கச் சொல்லி மஞ்சுளாவுக்கு ஜாடை செய்தார்.

அவள் தயங்கினாள். அப்பாவின் நிமிர்ந்த விரல்களை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கையை வைத்தாள். ஐந்து விரலும் மேஜையோடு ஒட்டிக்கொண்டு படுத்தன.

டாக்டர் அவள் உள்ளங்கையைத் திருப்பி அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது மடங்கின விரல் இல்லீங்க. மடக்கின விரல்."

தணிகாசலத்துக்கு நெஞ்சு நிம்மதியானது. அடுத்த நொடியே வலித்தது. அப்படியானால் சுந்தராம்பாள் சொன்னதுதான் சரியா? இவ்வளவு நாளும் இந்தப் பெண் நம்மை நக்கல்தான் பண்ணிக்கொண்டிருந்தாளா?

ஏன் இப்படிச் செய்தாய் என்று கையாலேயே கேட்டார். மஞ்சுளாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ரொம்ப நாளைக்கப்புறம் ஐந்து விரலாலும் பதில் சொன்னாள்:

"தப்புத் தப்பா பேசறோம்னு நீ பேசறதையே நிறுத்திகினு வந்தேப்பா. ரெண்டு பேரும் அப்டியே பேசினா அது தப்பு இல்ல, நம்ம பாஷை."