மரத்தின் முன்பக்கம்

மிட்சுயோ மொட்டுகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். ஒன்றைக்கூட விடவில்லை.

ஜன்னலுக்கு உள்ளே, படுக்கையில் கிடந்தபடி அவள் கணவர் கன்ஜி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜூன் மழைக்காலம் வரை தாங்கினால் பெரிய விஷயம் என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தொட்டியில் குட்டையாக வளர்த்த இந்த சட்சுகிப் பூமரம் பூப்பதைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை.

நலம் விசாரிக்க வந்த ஒகுமுராவுக்கு வயிறு எரிந்தது. போன்சாய் சங்கத்தின் செயலாளர் அவர். கன்ஜிக்கு வாலிபத்திலிருந்தே நண்பர்.

சாதாரண மரமா அது? ஆற்றிலிருந்து கன்ஜி முதுகில் சுமந்து வந்த கல். அதன்மேல் கன்றை உட்காரவைத்து, வேர்களைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மண்ணில் புதைத்து, வருடத்துக்குக் கொஞ்சமாக மேல்மண்ணை விலக்கி வளர்த்தது. இப்போது வேர்கள் கல்லை விரல்களைப் போலப் பற்றியிருந்தன. ஏப்ரலில் கன்ஜி ஆஸ்பத்திரியில் கிடக்க, மிட்சுயோவும் துணைக்கு அங்கேயே தங்கியிருந்தபோது, வாசல் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றும் பொறுப்பை ஏற்றவர் ஒகுமுராதான். அதனால் பூவில் தனக்கும் பங்கு உண்டென்று அவருக்கு ஒரு நினைப்பு.

ஜன்னலைத் திறந்து கேட்டே விட்டார்.

"என்ன பண்றீங்க மிட்சுயோ சான்? இன்னும் ரெண்டு வாரத்துல பூத்துடுமே."

"மரம் களைச்சுப் போயிருக்கு. இந்த வருஷம் ஓய்வு கொடுக்கலாம்னு."

களைத்த மரத்துக்கு மொட்டைக் கிள்ளி ஓய்வு கொடுப்பது வழக்கம்தான். ஆனால் அடுத்த வருடம் பார்க்கக் கன்ஜி இருக்க வேண்டாமா? அதை நோயாளியின் காதுபடச் சொல்ல முடியாமல் ஒகுமுரா பல்லைக் கடித்தார்.

அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தார். மரம் திரும்பி நின்றது. போன்சாய்க்கு முன்பக்கம் என்று ஒன்று உண்டு. பார்ப்பவருக்கு அதைத்தான் காட்ட வேண்டும். இவளோ முன்பக்கத்தை வேலியோடு ஒட்டவைத்து, சாகக்கிடக்கும் மனிதனுக்கு மரத்தின் முதுகைக் காட்டியிருந்தாள்.

"தொட்டியையாவது திருப்பி வைங்க. சங்கத்துல நேத்து சேர்ந்தவனுக்குக்கூட இது தெரியும்."

அவள் அடுத்த மொட்டைக் கிள்ளினாள். கன்ஜிதான் மெல்ல நண்பரின் கையைப் பிடித்தார்.

"விடுப்பா. அவ கிள்ளட்டும். அடுத்த வருஷம் நல்லாப் பூக்கும்."

அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. மனைவியின் மனம் நோகக்கூடாதென்று நடிக்கிறார் என்று ஒகுமுராவுக்குத் தோன்றியது. பாவம், இத்தனை நல்லவனுக்கு இப்படி ஒருத்தி.

பார்த்ததை அவர் மனசோடு வைத்துக்கொள்ளவில்லை. சங்கத்தில் ஒருவர் விடாமல் சொன்னார். ஜூன் மழையில் கன்ஜி இறந்தபோது வந்தவர்கள் ஊதுவத்தி ஏற்றிவிட்டு, மிட்சுயோவிடம் ஒரு வார்த்தை பேசாமல் குடையை விரித்துக்கொண்டு போனார்கள்.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்ததும் ஒகுமுரா பேச்சை எடுத்தார். மரத்தைத் தன்னிடம் கொடுத்துவிடச் சொன்னார். கன்ஜியின் உழைப்பு இவள் கையில் பாழாக வேண்டாம் என்பது அவர் எண்ணம். அதை அவர் மறைக்கவும் இல்லை.

"கொட்டகைக்குப் பின்னால இருக்கு. முதல்ல பார்த்துட்டு வாங்க" என்றாள் மிட்சுயோ.

போய்ப் பார்த்தார். மரம் முழுக்கப் பட்டுப்போயிருந்தது. முன்பக்கத்து வேர் ஒன்றைத் தொட்டதும் அது கல்லைவிட்டு, காய்ந்த சேமியா போல ஒடிந்து கையோடு வந்தது. அந்தத் துண்டை எடுத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"கொன்னுட்டீங்களே. பூவையும் பார்க்க விடல. இப்போ மரமும் போச்சு."

மிட்சுயோ தேநீரை அவர் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அது ஏப்ரல்லயே போயிடுச்சு ஒகுமுரா சான். நாங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து திரும்பின அன்னைக்குத் தொட்டி மண்ணு தூசியாக் கிடந்தது. முன்பக்கம் முழுக்கக் கருகிடுச்சு. பின்பக்கம்தான் கொஞ்ச நாளைக்குப் பச்சை தாங்கும்போல இருந்தது. அதான் திருப்பி வெச்சேன்."

"மொட்டு?"

"விரியாம அப்படியே காய ஆரம்பிச்சிருந்தா அவருக்குத் தெரிஞ்சிருக்குமே. அடுத்த வருஷம்னு ஒண்ணு இருக்கிற மரத்துலதான் மொட்டைக் கிள்ளுவாங்க. நான் கிள்ளினதைப் பார்த்து, மரம் பிழைச்சுக்கும்னு நம்பிட்டார்."

ஒகுமுரா தேநீரைத் தொடவில்லை. ஏப்ரலில் வாசல் சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. அந்த நாட்களில் மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டே இருந்தது. தூறுகிறதே, நாம் எதற்குப் போக வேண்டும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். கல்லின்மேல் நிற்கும் மரத்தில் இலையும் கல்லும் தூறலை வெளியே வழியவிட்டுவிடும், தொட்டி மண் காய்ந்தே கிடக்கும். மழையை நம்பாதே என்பதுதான் புதிதாகச் சேர்பவர்களுக்கு அவர் சொல்லும் முதல் பாடம்.

கையிலிருந்த வேர்த் துண்டை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"கன்ஜி... தண்ணி ஊத்தினதைப் பத்தி ஏதாவது கேட்டானா?"

"கேட்டார். நீங்க ஒரு நாள் விடாம வந்து ஊத்தினீங்கன்னு சொன்னேன்" என்றாள் மிட்சுயோ. "அடுத்த வருஷம் பூத்ததும் முதல்ல உங்களைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினார்."