மூன்றாவது சிலிண்டர்

கத்தியின் சத்தம் மாறிவிட்டது.

இரும்பை அறுக்கிற கத்திக்கு ஒரே சீரான முனகல் இருக்கும். இருபத்தெட்டு வருஷமாக அதைக் கேட்டுப் பழகியவன் அவன். எஞ்சினின் மூன்றாவது சிலிண்டரில் பாதி ஆழம் போனதும் அந்த முனகல் அறுந்தது.

கடைசல் மிஷினை நிறுத்தினான். டார்ச் அடித்துப் பார்த்தான்.

சிலிண்டர் சுவரில் ஓட்டை. சுண்டுவிரல் நுழையும்.

ஓட்டை வழியே ஈரத் துரு பொலபொலவென்று உதிர்ந்தது. தொட்டு நாக்கில் வைத்தான்.

உப்பு.

"என்னாச்சு?" என்றார் வேலாயுதம்.

மிஷினில் இருந்த எஞ்சின் பிளாக் அவருடைய படகுடையது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து இன்றைக்குத்தான் முதல் நாள். ஊர்ப் படகெல்லாம் விடிவதற்குள் கடலுக்குப் போயாயிற்று. இவர் மட்டும் இந்த ஒர்க்‌ஷாப்பில் நின்று நிமிஷத்துக்கு ஒரு தரம் புலம்பிக்கொண்டிருந்தார்.

அவன் அளவுச் சீட்டை எடுத்துப் பார்த்தான்.

அளவில் தப்பில்லை. மூன்று தரம் அளந்திருந்தான். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் போடுவார்கள். இந்த பிளாக் ஏற்கெனவே மூன்று முறை கடைந்தது. நாலாவது தாங்கும் என்றது கணக்கு.

லாரிக்குத் தாங்கும்.

அவன் தொழில் படித்தது தஞ்சாவூரில், லாரி ஷெட்டில். லாரி எஞ்சினுக்குள் ஓடுவது நல்ல தண்ணீர். இங்கே அதே எஞ்சினைப் பழைய விலைக்கு வாங்கிப் படகில் இறக்குகிறார்கள். சூடு தணியக் கடல் தண்ணீரையே உள்ளே விடுகிறார்கள்.

அவன் அளந்தது சிலிண்டரின் உள்பக்கத்தை மட்டும். சுவரின் மறுபக்கத்தைப் பன்னிரண்டு வருஷமாக உப்பு தின்றிருந்தது.

என்ன மடத்தனம். கரையிலேயே பிறந்தவனுக்கு உப்பு செய்கிற வேலை தெரியாதா? வீட்டு ஜன்னல் கம்பியை நாலு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறவன்தானே. பிளாக்குக்குள்ளும் அதே உப்புதான் ஓடுகிறது என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

அப்புறம்தான் மற்றது உறைத்தது.

இதற்கு ஜோடி ஒன்று உண்டு. வேலாயுதமும் அவர் தம்பி அஞ்சப்பனும் ஒரே நாளில், ஒரே கடையில் எடுத்த இரண்டு எஞ்சின். போன வாரம் அஞ்சப்பனுடைய பிளாக்கையும் இவன்தான் கடைந்தான். இதே அளவு. அதில் கத்தி முனகிக்கொண்டேதான் இருந்தது. அப்படியானால் சுவர் இருந்திருக்கிறது. எவ்வளவு மிச்சம் இருந்தது என்று இவன் பார்க்கவில்லை. அது விட்டுப்போனால் நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிடும்.

அஞ்சப்பன் இவன் தங்கச்சி புருஷன்.

அன்றைக்கு அஞ்சப்பன் கேட்கத்தான் செய்தான். "இன்னும் கடையலாமா மச்சான்? இல்ல, வேற பிளாக்கே வாங்கிடவா?"

"கண்ண மூடிக்கிட்டுப் போ. நான் இருக்கேன்ல" என்றான் இவன்.

மணி ஒன்பது. படகில் அஞ்சப்பனோடு ஆறு பேர்.

வேலாயுதம் குனிந்து ஓட்டையைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. வெளியே போய் வண்டியை உதைத்தார். அவன் கை கழுவாமல் பின்னால் ஏறிக்கொண்டான்.

மீனவர் சங்க ஆபீஸில் வயர்லெஸ். அதைப் பார்த்துக்கொள்கிற தேவசகாயம் முன்னால் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவன் கை நீட்டியதும் டம்ளரை வைத்துவிட்டு மைக்கைக் கொடுத்தார்.

"அஞ்சப்பன். அஞ்சப்பன்."

இரைச்சல்.

"அஞ்சப்பன்."

வேறு ஒரு குரல் வந்தது. "அவன் எங்களுக்கு முன்னால போயிட்டான்ணே. என்ன சேதி, சொல்லுங்க. சொல்லிடறோம்."

வயர்லெஸ்ஸில் பேசினால் கடலில் இருக்கிற அத்தனை படகும் கேட்கும். இந்தத் தடைக்காலத்தில் மட்டும் அவன் கடைந்து முடித்தது, அஞ்சப்பனுடையதோடு, பதினோரு பிளாக். எல்லாம் பழைய லாரி எஞ்சின். எல்லாவற்றிலும் இந்தக் கடல் தண்ணீர்தான்.

வேலாயுதம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். தேவசகாயம் ஒன்றும் விளங்காமல் இருவரையும் பார்த்தார்.

இருபத்தெட்டு வருஷத்தில் சேர்த்த நல்ல பேர் போய்விடுமே. அதை நினைத்தானே, அதற்கே தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பொத்தானை அழுத்தினான்.

"நான் கடைஞ்சது தப்பாப்போச்சு. உங்க சிலிண்டர் சுவரெல்லாம் உப்புல அரிச்சிருக்கு. எப்ப வேணா விட்டுப்போகும். மெதுவா ஓட்டிக்கிட்டுத் திரும்பி வாங்க. ஒருத்தரை ஒருத்தர் விட்டுடாதீங்க."

பொத்தானை விட்டான்.

இரைச்சல்.

"அண்ணே, எனக்குமா?" என்றது ஒரு குரல்.

"உனக்கும்தான்."

"எனக்கு?"

"உனக்கும்."

ஒருவர் பின் ஒருவராகக் கேட்டார்கள். ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒவ்வொரு குரலுக்கும் பின்னால் எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டது. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவனால் அடுத்த பதிலைச் சொல்ல முடிந்தது.

தேவசகாயம் படகுக்கு ஒன்றாகக் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

பத்து.

வேலாயுதம் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

"அஞ்சப்பன்" என்றான் அவன். "அஞ்சப்பன்."

வெகுநேரம் கழித்து, மிகத் தூரத்திலிருந்து, காற்றோடு கலந்து வந்தது.

"மச்சான். இருக்கியா மச்சான்?"

அஞ்சப்பன்தான்.

வேலாயுதம் எழுந்து ஓடிவந்தார். தேவசகாயம் பதினோராவது கோட்டைப் போட்டார்.

அவன் கையைத் தூக்கி எல்லோரையும் சும்மா இருக்கச் சொன்னான். வயர்லெஸ் பெட்டியின் மேல் காதை வைத்தான்.

காற்று கேட்டது. படகுப் பலகையில் அலை மோதுவது கேட்டது.

எஞ்சின் சத்தம் இல்லை.