பொன்னாடைக்கு முன்

பொன்னாடையை அவள் கையில் திணித்துவிட்டார்கள். மாணவியே போர்த்தினால்தான் படம் நன்றாக வருமாம்.

பேராசிரியர் கனகசபாபதி இன்னும் பேசி முடிக்கவில்லை.

ஓமன் மலையடிவாரத்து ஊற்று. பாறையில் ஊறி ஊறிச் சலவைச் சோடாவைவிடக் காரமாகிப்போன தண்ணீர். அதிலும் ஓர் உயிர். இதுவரை அங்கே யாரும் பார்க்காத உயிர். கண்டுபிடித்தவர் அவர்.

மண்ணாங்கட்டி.

அந்த ஊற்றில் உயிர் இருக்கலாம். பாறையும் நீரும் சேர்ந்து வெளிவிடும் ஹைட்ரஜனைத் தின்றுகொண்டு, எந்த மேடையும் கேட்காமல். அதைத் தேடித்தான் அவள் நான்கு வருடம் வெயிலில் காய்ந்தாள்.

இவர் ஒரே ஒரு நாள் வந்தார்.

ஊற்றைக் கண்டதும் பழக்கதோஷம். செருப்பைக் கழற்றினார். இரண்டு கையாலும் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். தலையைத் தேய்த்த கையை அங்கேயே அலசினார். தீர்த்தமாடி முடித்ததும், ஆய்வுக்கான முதல் பாட்டிலை நானே நிரப்புவேன் என்று அடம்.

உயிர் கிடைத்தது அந்த ஒரு பாட்டிலில் மட்டும்தான்.

பொடுகுப் பூஞ்சை.

மரபணுவைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவரிடம் சொன்னபோது அவருக்கு வரவில்லை.

“அது என் தலையிலேர்ந்துதான் வந்துதுன்னா ஆதாரம் கொண்டாம்மா. இல்லேன்னா நான் சொல்றதத்தான் நீ தீசிஸ்ல எழுதணும்.”

கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். நான்கு வருட உழைப்பு ஒருவருடைய பொடுகின் மேல் நிற்கப்போகிறது.

கைதட்டல். அவளை மேடைக்கு அழைத்தார்கள்.

அவர் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

கறுப்புக் கோட்டின் தோளெல்லாம் வெள்ளை வெள்ளையாக உதிர்ந்து கிடந்தது.

அவள் பொன்னாடையை மேசையில் வைத்தாள். கைப்பையைத் திறந்தாள். ஆய்வகத்தில் கிருமி நீக்கி உறையிட்ட துணி ஒன்று எப்போதும் அதில் இருக்கும். உறையைப் பிரித்து எடுத்து, தோளை மெதுவாகத் துடைத்தாள்.

அரங்கம் உருகிப்போனது.

“என்ன ஒரு குருபக்தி பாருங்க” என்றார் முன்வரிசையில் ஒருவர்.

பேராசிரியருக்கும் கண் கலங்கிவிட்டது. அவள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். அவள் பொறுத்துக்கொண்டாள்.

பிறகு பொன்னாடையைப் போர்த்தினாள்.

கீழே இறங்கியதும் துணியை ஒரு குப்பியில் போட்டு இறுக மூடினாள். சீட்டை ஒட்டினாள்.

ஊற்றின் பெயரை எழுதும் இடத்தில், அவர் பெயரைப் பட்டங்களோடு முழுதாக எழுதினாள்.