வாசலைத் தாண்டாத இன்ஷிரா

இன்ஷிரா இன்றும் வார்டு வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

இரண்டு கைகளையும் கறுப்புச் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டு நிலையோரம் நின்றாள். கடல் காற்றில் ஜன்னல் திரை உப்பி எழுந்து அவளை மறைத்தது. பிறகு காட்டியது. மருந்து மயக்கத்தில் பயூமிக்குக் கட்டில் மெல்ல ஆடியது. அன்ஃபூஷி துறையில் கட்டிப்போட்ட படகில் படுத்திருப்பது போல இருந்தது.

தொடை இடுக்கில் தையல். அடைத்துப்போன ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் வேறொரு குழாய் வைத்து, செத்துக்கொண்டிருந்த காலுக்கு ரத்தம் விட்டிருந்தார்கள். தையலில் சீழ் வைத்தால் குழாயும் போகும், காலும் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பயூமிக்குக் காலைப் பற்றிக்கூட அவ்வளவு கவலையில்லை. வாசலில் நிற்பவள் இன்னும் தன் மனைவிதானா என்பதுதான் தெரியவில்லை.

பெருநாளன்று, வாய் நிறைய வறுத்த மீனும் சிரிப்புமாக, எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்திருந்தான். இனி சிகரெட்டைத் தொட்டால் பெண்டாட்டி தலாக். அலெக்சாந்திரியா ஆண்கள் தக்காளிக்குப் பேரம் பேசும்போதுகூட இந்தச் சத்தியத்தைச் செய்வார்கள். மீறிவிட்டால்தான் தூக்கம் போகும்.

ஆபரேஷனுக்கு வந்தபோது, ஆஸ்பத்திரி வாசலில், பயம் தாங்காமல் ஒன்றைப் பற்றவைத்துவிட்டான். மீதி பாக்கெட் கோட்டுப் பையில் இருந்தது. கோட்டை வீட்டுக்கு எடுத்துப்போனவள் இன்ஷிரா.

அதற்குப் பிறகு அவள் அவனைத் தொடவேயில்லை. அந்நிய ஆம்பளையைப் பார்க்க வந்தவள் மாதிரி வாசலிலேயே நிற்கிறாள்.

அக்கா நஃபீஸா மக்காவிலிருந்து கொண்டுவந்த ஸம்ஸம் புனிதத் தண்ணீர்க் குப்பியைத் திறந்தாள். தம்பியின் போர்வையை விலக்கினாள்.

“மதினி! தையல் மேல தெளிக்காத. குடிக்கக் குடு, உள்ள போய் வேல செய்யட்டும்!” வாசலிலிருந்து இன்ஷிராவின் அதட்டல் வந்தது.

“பக்கத்துல வந்து ஒரு வாய் தண்ணி குடுக்கத் துப்பில்ல. அங்க நின்னுக்கிட்டு அதிகாரத்தப் பாரு,” என்றபடி நஃபீஸா தண்ணீரை அவன் வாயில் ஊற்றினாள்.

திரை உப்பியது. படகு கயிற்றை அறுத்துக்கொண்டு போவது போலிருந்தது. பயூமி சத்தமில்லாமல் அழுதான்.

நர்ஸ் தெரேஸ் வந்து கைகளைக் கழுவி, கட்டைப் பிரித்தாள். சிவப்பில்லை, ஈரமில்லை. தையல் காய்ந்து சேர்ந்திருந்தது. புதுக் கட்டுப் போட்டுவிட்டு நேரே வாசலுக்குப் போனாள்.

“எங்க, கையக் காட்டு.”

இன்ஷிரா சால்வைக்குள்ளிருந்து வலது கையை எடுத்தாள். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. சந்தையில் மீன் கழுவும்போது முள் ஏறிச் சீழ் பிடித்த விரல். தெரேஸ் துணியை அவிழ்த்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புண் ஆறி, இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் மூடியிருந்தது.

“இப்ப சரியாப் போச்சு. இனி தையல்ல சீழ் ஒட்டாது. நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு உம் புருஷன் கிட்ட போ.”

இன்ஷிரா முழங்கைவரை தேய்த்துத் தேய்த்து வெகுநேரம் கழுவினாள். பிறகு உள்ளே வந்து, ஈரம் காயாத உள்ளங்கையை அவன் பாதத்தின் மேல் வைத்தாள். பாதம் சூடாக இருந்தது.

சந்தோஷமும் வெட்கமுமாக அவன் கண்களை மூடிக்கொண்டான். அவள் அவன் காதருகே குனிந்தாள்.

“கோட்டுப் பையில இருந்தத கடல்ல வீசிட்டேன். பள்ளிவாசல் ஷேக்கையும் பாத்துக் கேட்டேன். சத்தியம் பண்ணப்ப உம் புருஷன் புத்தி பெரளுற அளவுக்குக் கோவத்துல இருந்தாரான்னு கேட்டாரு, அப்படின்னா தலாக் செல்லாதுன்னாரு. ஆமா, வீட்ல இருந்த தட்டு ஒண்ணு விடாம உடைச்சாருன்னு சொல்லிட்டேன்.”

பயூமி பெருநாள் சாப்பாட்டை நினைத்துப் பார்த்தான்.

அன்று வீட்டில் ஒரு தட்டுகூட உடையவில்லை.