ஒற்றையாளாய்ப் பதினொரு நாள்

“படம் எடுத்தவன் என்ட புத்தகத்த வாசிச்சானா, இல்லியா?”

கல்முனையில் முதல் காட்சி முடிந்து மண்டபத்தை விட்டு வெளியே வந்ததுமே முபாறக் கொதித்தார். இளவயதில் குமண காட்டை நடந்தே கடந்ததைப் பற்றி அவர் எழுதிய ‘ஒற்றையாளாய்ப் பதினொரு நாள்’ மூன்று பதிப்புக் கண்டிருந்தது. அதைத்தான் டனிஸ்டன் என்ற இளைஞர் படமாக்கியிருந்தார்.

“ஆக்கள் நல்லாக் கை தட்டினாங்கதானே?” என்றபடி காரில் ஏறினாள் அவர் மனைவி சிபானா.

“யானை வந்த இடத்தில விழுந்து விழுந்து சிரிச்சாங்களே, அதச் சொல்லு! நான் அசையாம நிண்டன், யானை தானாப் போன எண்டு எழுதியிரிக்கன். இவன்ட படத்தில கதாநாயகன் மரத்தில ஏறிக் கத்துறான். ஒரு பொம்பிள கீழ நிண்டு சட்டியத் தட்டி யானையத் துரத்துறா!”

“அந்தப் புள்ள நல்லா நடிச்சிரிக்கி.”

“ஒற்றையாளாப் போன கதைக்குள்ள பொம்பிள எப்படி வந்த? அவன் வழி தெரியாமச் சுத்துறான், அவ ஆத்தப் பார்த்து வழி சொல்றா. கால்ல முள்ளுக் குத்தினதுக்கு ஊருக்குத் திரும்புவம் எண்டு அவன் அழுறான், அவ முள்ள எடுத்துட்டுச் சோறும் ஆக்கிக் குடுக்கிறா. படம் ஓடணும் எண்டதுக்காக இப்படியா?”

“எனக்கிட்ட ஏன் கத்துறீங்க? அவருக்கிட்டயே கேளுங்களன்.”

முபாறக் காரில் உட்கார்ந்தபடியே டனிஸ்டனுக்குப் போன் எடுத்து, இருவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

“தம்பி, அந்தப் பொம்பிளயப் படத்துக்குள்ள சேர்க்கச் சொல்லி ஆர் சொன்ன?”



“சேர்... புத்தகத்தில இருக்கிற மாதிரித்தான் எடுக்க நினைச்சன். ஒருநாள் உங்கட வீட்டுக்கு வந்தன், நீங்க இல்ல. சிபானா அக்காதான் நடந்தது முழுக்க விளக்கமாச் சொன்னாங்க. அவங்க உங்களிட்டச் சொல்லல்லயா?”

முபாறக் போனை மெல்ல மடியில் வைத்தார். அதுவரை இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அசடு வழியச் சிரித்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

“என்ன முழிக்கிறீங்க?” சிபானாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “புத்தகத்திலதான் என்னய விட்டுட்டீங்க. பதினொரு நாளும் உங்களுக்கு முன்னால நடந்து போனவள் நான்தானே!”