ஒன்பதாந் திகதிப் பூசை

அன்று விடிந்ததிலிருந்து பிலேந்திரன் படலையைத் தாண்டவில்லை.

கடலுக்கும் போகவில்லை. மனைவி திரேசம்மா வைத்துவிட்டுப் போன தேத்தண்ணி அப்படியே ஆறிக் கிடந்தது.

ஒக்டோபர் ஒன்பது.

கூத்துக்காரரை அந்தத் திகதி விடாது என்று தாழ்வுபாட்டில் ஒரு பேச்சு இருந்தது.

முதலில் போனவர் அண்ணாவியார். அவர் பழக்கிய கூத்தென்றால் மன்னார்த் தீவே பாய் தலையணையோடு வந்து இறங்கும். நெஞ்சு நோவென்று படுத்தவர் எழும்பவில்லை. சில வருடங்கள் கழித்து, அதே திகதியில், மத்தளக்காரன் அமிர்தநாயகம் போனான். பனங்காணிக்குள் ஓலை வெட்டப் போன இடத்தில், யாரோ எப்போதோ புதைத்துவிட்டு மறந்த மிதிவெடி.

அப்போதுகூடச் சனம் அதைத் தற்செயல் என்றுதான் சொன்னது.

போன வருடம், சமாதானம் குலைந்து திரும்பவும் சண்டை தொடங்கியபோது, ஆர்மோனியக்காரன் சந்தியோகு வள்ளமேறி இந்தியாவுக்குப் புறப்பட்டான். நடுக்கடலில் வள்ளம் கவிழ்ந்து, ஒன்பதாந் திகதி ஆள் முடிந்துவிட்டதாக அவனுடைய மனைவி றஞ்சிதத்துக்குச் செய்தி வந்தது. உடல் வரவில்லை.

அதற்குப் பிறகு தற்செயல் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ஒன்றாகக் கூத்துப் போட்ட அந்த நால்வரில் மிஞ்சியிருப்பது, ராசா வேடம் கட்டிப் பாடும் ராசபாட்டுக்காரன் பிலேந்திரன் மட்டும்.

இன்றைக்குப் பின்னேரம் சந்தியோகுவின் முதலாம் ஆண்டு நினைவுப் பூசை. பாட வரச்சொல்லிக் கோயிலிலிருந்து ஆள் வந்தபோது, அவருக்குக் காய்ச்சல் என்று திரேசம்மா சொல்லி அனுப்பிவிட்டாள். கோயிலடிச் சந்தியில் மோட்டார் சைக்கிளோடு இரண்டு பேர் நிற்பதைத் தண்ணீர் அள்ளப் போனபோது கண்டிருந்தாள். அதை அவனிடம் சொல்லவில்லை. கதவை மட்டும் கொளுவினாள்.

மத்தியானம் திரும்பியதும் பின்வேலியால் றஞ்சிதம் வந்தாள்.

அவள் வாய் திறக்குமுன் பிலேந்திரன் கதைக்கத் தொடங்கிவிட்டான். சந்தியோகு தனக்குக் கூடப்பிறக்காத குறைதான் என்றான். நாளைக்குக் கூப்பிட்டால் தொண்டை கிழியப் பாடுவேன் என்றான். இன்றைக்கு மட்டும் முடியாது, எனக்கும் இரண்டு பெட்டைப்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றான்.

றஞ்சிதம் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். திரேசம்மா அடுப்படிக்குப் போகும்வரை பொறுத்தாள்.

"அண்ணை, அவர் சாகேல்லை."

பிலேந்திரன் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

வள்ளம் கரை சேர்ந்துவிட்டதாம். சந்தியோகு அக்கரையில் அகதி முகாமில் இருக்கிறானாம். சுடுபட்டுச் செத்த ஒரு மாணவனின் செத்தவீட்டில் ஆர்மோனியம் வாசிக்க வேண்டாம் என்று ஆமியோடு திரிகிற மோட்டார் சைக்கிள்காரர் சொல்லியும் அவன் வாசித்தான் அல்லவா, அன்று பிடித்த வினை இது. அவன் போன பிறகும் அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். தகப்பன் வராவிட்டால் மூத்தவனைக் கொண்டு போவோம் என்றார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. றஞ்சிதம் வாசலில் நின்றபடியே, வள்ளம் கவிழ்ந்து ஆள் போய்விட்டார் என்று அழுதிருக்கிறாள். எப்போது என்று கேட்டார்கள். ஒன்பதாந் திகதி என்று வாயில் வந்துவிட்டது.

அவர்களும் இந்தத் தீவுப் பொடியன்கள்தான். ஊர்ப்பேச்சு அவர்கள் காதிலும் விழுந்திருந்தது. ஒருவரையொருவர் பார்த்தார்கள். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்கள்.

"இண்டைக்குப் பூசை பாக்க வந்து நிக்கிறாங்கள்," என்றாள் றஞ்சிதம். "நீங்கள் பாடாட்டி, அவர் செத்தவரெண்டு ஆர் நம்புவினம்?"

பிலேந்திரன் எழுந்து, கொடியில் கிடந்த சேட்டை எடுத்துப் போட்டான். திரேசம்மா ஓடிவந்து கையைப் பிடித்தாள். காரணத்தை அவளிடம் சொல்ல முடியவில்லை. பிடித்த விரல்களை மெல்லக் கழற்றிவிட்டு நடந்தான்.

திகதிக்குப் பயந்த பயம் வழியிலேயே எங்கோ விழுந்துவிட்டது. இப்போது அவன் பயந்தது தன் குரலுக்கு.

கோயிலுக்குள் பீடத்தின் பக்கத்தில் சந்தியோகுவின் படம் மாலையோடு இருந்தது. கடைசி வாங்கில் அந்த இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனின் மடியில் ஹெல்மெற் இருந்தது.

பிலேந்திரன் படத்தைப் பார்த்தான். படத்தில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். உயிரோடு இருக்கிறவனுக்கு ஒப்பாரி வரவில்லை. வாயைத் திறந்தால் வெறுங் காற்றுத்தான் வந்தது. பின்னால் அந்தக் கடைசி வாங்கு கிறீச்சிட்டது.

அவன் கண்ணை மூடிக்கொண்டு அமிர்தநாயகத்தை நினைத்தான். பனங்காணிக்குள் பாயை விரித்து, தன் கையால் கூட்டி அள்ளிய அமிர்தநாயகத்தை.

குரல் வந்தது.

பாடப் பாடக் கோயில் உடைந்து போனது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். முன்வரிசையில் சந்தியோகுவின் மூத்த மகன் முழந்தாளில் விழுந்து, "அப்பா, அப்பா" என்று நிலத்தில் முகத்தைத் தேய்த்தான். பிலேந்திரன் றஞ்சிதத்தைப் பார்த்தான். அவள் மகனைத் தூக்கவில்லை. சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பிள்ளைக்கும் அவள் சொல்லியிருக்கவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தபோது மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. ஹெல்மெற்காரனின் கண்கள் சிவந்திருந்தன. அவனும் அழுதிருந்தான்.

"நல்லாப் பாடினீங்கள் அண்ணை," என்றான். "வாற வருசமும் வருவம்."

பிலேந்திரன் ஓம் என்றான்.