பச்சைச் சட்டைக் கரடி

காரை வெளிச்சம் விழாத மூலையில் நிறுத்திவிட்டு, கண்ணாடியைப் பார்த்துத் தலையை ஒருமுறை வாரிக்கொண்டார் டேரல். மனைவிக்குத் தெரியாமல் ஒருத்தியைப் பார்க்க வருகிறவருக்கு, நரைத்த பிறகும் அந்த அளவு அக்கறை இருக்கத்தான் செய்யும்.

மனைவி ரோண்டாவிடம் வெள்ளிக்கிழமைதோறும் கர்லிங் ஆடப் போவதாகச் சொல்லியிருந்தார். பனித்தரையில் கல்லைத் தள்ளிவிட்டுத் துடைப்பத்தோடு கூடவே ஓடுகிற ஆட்டம். வீட்டில் ஒருநாளும் துடைப்பத்தைத் தொடாத மனுஷன் சொன்னதை அவள் எப்படி நம்பினாள் என்பது அவருக்கே விளங்கவில்லை. அவளும் அதே வெள்ளிக்கிழமைகளில் தேவாலயப் பாட்டுப் பயிற்சிக்குப் போய், வியர்த்து விறுவிறுத்துத்தான் திரும்புவாள். நோண்டிக் கேட்க அவளுக்கு ஏது தெம்பு?

நீலக் கோட்டைக் கழற்றிப் பின்சீட்டில் எறிந்தார். பச்சைக் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஹாலிஃபாக்ஸ் நகரத்துக் குளிர் முதுகில் அறைய, பல்கலைக்கழக அரங்கத்தின் பக்கவாசலில் நுழைந்தார்.

அந்த ஒருத்தி, கூடைப்பந்தைத் தட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். பதினோராம் எண். டெஸ்ஸா. அவர் பெற்ற மகள்.

ஊரில் இரண்டு பல்கலைக்கழகங்கள்; நீலத்துக்கும் பச்சைக்கும் ஆகாது. ரோண்டா ஒரு காலத்தில் நீலப் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் கேப்டன். அவள் போட்டு ஆடிய சட்டை இன்னமும் வீட்டு ஹாலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. மகள் பச்சையில் சேரப்போவதாகச் சொன்ன அன்று, “அந்தச் சட்டையோட இந்த வாசப்படி ஏறாதே” என்றுவிட்டாள். மகளுக்கும் அதே ரத்தம். பையைத் தூக்கிக்கொண்டு போனவள் இரண்டு வருஷமாக வரவும் இல்லை, போனை எடுக்கவும் இல்லை.

அன்று டேரல் என்ன செய்தார்? உருளைக்கிழங்கில் உப்புச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனம்தான் இப்போது கடைசி வரிசையில் வந்து குனிந்து உட்கார்கிறது.

ஆறு மணிக்குப் பெண்கள் ஆட்டம், எட்டுக்கு ஆண்கள் ஆட்டம். ஊரில் முக்கால்வாசிப் பேர் எட்டுக்குத்தான் வருவார்கள். மகளுக்கு அது அவமானம். அப்பாவுக்கு அது வசதி.

“உள்ள ஹீட்டர் போட்டிருக்கான், இன்னும் குல்லாவைக் கழட்டலையா? மூளை வெந்துடப்போவுது” என்றாள் பக்கத்து இருக்கை விவியன். ஒரு ஆட்டமும் தவறவிடாத கிழவி.

“வேகட்டும் விவியன். வேகாம இருந்தும் ஒண்ணும் சாதிக்கல.”

அறிவிப்பாளர் பெயர் சொல்லச் சொல்லப் பெண்கள் ஒவ்வொருத்தியாக ஓடிவந்தார்கள். அணியின் சின்னமான, பச்சைச் சட்டை போட்ட கரடி, ஒவ்வொருத்தியையும் கட்டிப்பிடித்து முதுகில் தட்டி அனுப்பியது. கரடி வேஷம் போட்டவர் வாயைத் திறக்கக்கூடாது, யாரென்று காட்டிக்கொள்ளவும் கூடாது. உள்ளே இருப்பது யார் என்று பயிற்சியாளருக்கு மட்டும்தான் தெரியும்.

டெஸ்ஸாவைக் கட்டிப்பிடித்த கரடி, விடவே இல்லை.

“பாத்தியா, மத்தவளுக்கெல்லாம் ஒரு தட்டு, இவளுக்கு மட்டும் தனி கவனிப்பு. உள்ள இருக்கிற பையன் கவுந்துட்டான்” என்று சிரித்தாள் விவியன்.

டேரலுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆட்டம் முடியும் தறுவாயில், பந்துக்குத் தாவிய டெஸ்ஸா கணுக்கால் மடங்கி விழுந்தாள். டேரல் பாதி எழுந்து, பாதியிலேயே உட்கார்ந்தார். கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாளே. அதற்குள் கரடி ஓடிப்போய் அவள் பக்கத்தில் மண்டியிட்டு, தன் பெரிய கையால் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

பெற்ற அப்பன் கடைசி வரிசையில். எவனோ ஒருவன் அவள் பக்கத்தில். அவள் எழுந்து நொண்டிக்கொண்டே ஆடினாள். பச்சை ஜெயித்தது. டேரலுக்கு அந்தக் கன்னம் மட்டும்தான் கண்ணில் நின்றது.

ஆட்டம் முடிந்ததும், உடை மாற்றும் அறைக்குப் போகும் வழியில் கரடியை மடக்கினார்.

“தம்பி, ஒரு நிமிஷம். அந்தப் பதினொண்ணு என் பொண்ணு. இந்தத் தடவுற வேலையெல்லாம் கொஞ்சம் குறைச்சுக்க.”

கரடி அசையாமல் நின்றது. அந்தக் கண்ணாடி முழிகளைப் பார்த்ததும் டேரலின் வீராப்பு வடிந்துவிட்டது.

“கோவிச்சுக்காதப்பா. உன் மேல கோவம் இல்ல, பொறாமை. அவ விழுந்தப்போ ஓடியிருக்க வேண்டியது நான். வீட்ல சண்டை நடந்தன்னிக்கு வாயைத் திறந்திருக்க வேண்டியதும் நான்தான். நான் இங்க வர்றது அவ அம்மாவுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ரெண்டு பேரையும் ஏமாத்திக்கிட்டு இருக்கேன்.” மூக்கைத் துடைத்துக்கொண்டார். “திட்டினாலும் பரவாயில்ல, இன்னிக்கு அவகிட்ட நேர்லயே பேசிடுறேன்.”

அறைக் கதவு திறந்தது. தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டு டெஸ்ஸா நொண்டிக்கொண்டே வெளியே வந்தாள்.

“டெஸ்...” என்று ஆரம்பித்தார் டேரல்.

புசுபுசுவென்ற ஒரு கை அவர் வாயைப் பொத்தியது. கரடி அவரை அப்படியே தரதரவென்று பக்கத்தில் தொங்கிய திரைக்குப் பின்னால் இழுத்துப்போய், அவர் காதோரம் குனிந்தது.

“மெதுவாப் பேசு டேரல், கட்டிப்பிடிக்கிறது அம்மான்னு தெரிஞ்சா அவ கிட்டயே வரமாட்டா.”